மலையில் ஒரு பழைய பிக்கப்: பார்த்து வாங்குவது, பத்திரமாக வைத்துக்கொள்வது, ரசித்து ஓட்டுவது

கீழே சமவெளியில் பழைய வண்டி வாங்கப் போகிறவர் முதலில் பானட்டைத் தூக்கி இன்ஜினைப் பார்ப்பார். நீலகிரியில் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஏற முடியாத வண்டியால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. ஓரமாக நின்றுவிடும், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போவார்கள். இறங்கும்போது நிற்க மறுக்கிற வண்டிதான் ஆளை முடிக்கும். எனவே இங்கே வண்டி வாங்கும்போதும் சரி, செலவு செய்யும்போதும் சரி, பிரேக், சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), ஸ்டீயரிங் மூன்றும் முன்வரிசை. இன்ஜின் அப்புறம். பெயின்ட்டும் ஸ்பீக்கரும் கடைசியில்.

சொந்தமாக ஒன்றிரண்டு ஏக்கர் தேயிலையோ கேரட், பீட்ரூட் தோட்டமோ வைத்திருந்து, பச்சை இலையை ஃபேக்டரிக்கும் காய்கறியை மேட்டுப்பாளையம் மண்டிக்கும் கொண்டு போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நாள் முழுக்க வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

படி 1: எந்த வண்டி என்று முடிவு செய்யுங்கள்

மலையில் பழைய பிக்கப் என்று தேடினால் கண்ணில் படுவது பெரும்பாலும் டாடா 207 டிஐ, மஹிந்திரா பொலிரோ பிக்கப், பொலிரோ கேம்பர் ஆகியவைதான். இவற்றுக்கு மூத்தது 1988-ல் வந்த டாடா மொபைல் 206. சியராவும் சுமோவும் அந்த வண்டியின் வழி வந்தவைதான். 206 இப்போது ரோட்டில் அரிது. பாகம் தேடி அலைவதையே பொழுதுபோக்காக நினைப்பவர் தவிர மற்றவர்கள் அதன் பக்கம் போக வேண்டாம்.

207 டிஐ-யில் இருப்பது 2956 சிசி, நான்கு சிலிண்டர் டீசல். அவசரமே படாத இன்ஜின். குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைப்பதால் கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு ஏறிவிடும். சத்தம் அதிகம், சீட்டு கட்டை மாதிரி இருக்கும், நாலு பேர் சேர்ந்து பேசிக்கொண்டு போக முடியாது. பழைய மஹிந்திராக்களில் 2523 சிசி டிஐ இன்ஜின். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று எங்கே நின்றாலும் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒரு கை பக்கத்திலேயே கிடைக்கும். கேம்பரில் பின் சீட்டும் இருப்பதால் குடும்பத்துக்கும் லோடுக்கும் ஒரே வண்டி போதும் என்பவர்களுக்குச் சரியாக வரும். ஆனால் பின்னால் தொட்டி சின்னது.

2005-ல் வந்த டாடா ஏஸ், நம் ஊர் குட்டி யானை, விலை குறைவாகக் கிடைக்கும். ஆரம்ப கால ஏஸில் இருந்தது இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். ஊருக்குள் இலை மூட்டை சுமக்க அது போதும். மேட்டுப்பாளையம் இறங்கி உர மூட்டையோடு திரும்பி ஏறுவதுதான் உங்கள் வேலை என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், ஏஸுக்கும் பெரிய பிக்கப்களுக்கும் நடுவில் நிற்கும். மூன்று சிலிண்டர், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) உண்டு, மலைக்குப் பரவாயில்லை.

டர்போ உள்ளதா இல்லையா என்று இங்கே கட்டாயம் கேளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அந்த அளவு காற்று குறைந்தால் இழுவையும் அதற்கேற்பக் குறையும். மேட்டுப்பாளையத்தில் பாய்கிற வண்டி லவ்டேல் தாண்டும்போது மூச்சு வாங்குவது இதனால்தான். டர்போ இருந்தால் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

இன்னொன்று, இன்ஜினுக்கு டீசல் எப்படிப் போகிறது என்பது. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ்.4 என்ற புகை விதி கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில் பலவற்றில் மெக்கானிக்கல் பம்புதான் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை அதிகம் நம்பாத வண்டிகள் அவை. தோட்டத்துப் பாதையில் நின்றுபோனால் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் போதும். பின்னால் வந்த, மின்னணு முறையில் டீசலைச் செலுத்தும் காமன் ரெயில் வண்டிகள் இழுவையிலும் மைலேஜிலும் மேல்தான், சந்தேகமில்லை. ஆனால் சென்சார் ஒன்று கோளாறானால் லேப்டாப் உள்ள ஆளைத் தேடிக் கீழே போக வேண்டிவரும். என் ஓட்டு மெக்கானிக்கல் பம்புக்குத்தான். புகையும் சத்தமும் கூடுதல் என்பதை ஒத்துக்கொண்டேதான் சொல்கிறேன்.

படி 2: வண்டியைப் பார்க்கும் முன் தாள்களைப் பாருங்கள்

பிக்கப்கள் பெரும்பாலும் மஞ்சள் நம்பர் பிளேட் சரக்கு வண்டிகள். அவற்றுக்கு எஃப்.சி. எனும் தகுதிச் சான்றிதழ் உண்டு. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுதோறும். எஃப்.சி. முடிந்து கிடக்கும் வண்டியை "நீங்களே எடுத்துக்குங்க, அதுக்குத்தான் விலையைக் குறைச்சிருக்கேன்" என்று தருவார்கள். டிங்கரிங், பெயின்ட், டயர், லைட் என்று எஃப்.சி.க்குத் தயார் செய்யும் செலவு அந்தக் குறைத்த விலையைத் தின்றுவிடும்.

ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழ்) ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும், அந்தப் பெயரை நீக்குவதற்கான படிவம் 35-ம் கையில் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட, ஈரத் துணியால் சேற்றைத் துடைத்துவிட்டு உங்கள் கண்ணால் படியுங்கள், புரோக்கர் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டாம். சாலை வரி, பசுமை வரி, அபராதம் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று எம்பரிவாகன் செயலியிலும் பார்த்துவிடுங்கள்.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. சின்ன பிக்கப்கள் பலவும் இதற்குள் வரும், ஆனாலும் ஆர்.சி.யில் ஜி.வி.டபிள்யூ. (அதாவது அந்த மொத்த எடை) எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கு எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் போதும். 7,500 கிலோ வரை அதுவே செல்லும் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

மலைக்கே உரிய ஒரு விஷயம்: முடிந்தவரை டி.என்.43, அதாவது நீலகிரிப் பதிவுள்ள வண்டியாகத் தேடுங்கள். 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கவும் உள்ளூர் வண்டிகளைத்தான் விடுகிறார்கள். கோவைப் பதிவு வண்டியை வாங்கிவிட்டு ஒவ்வொரு முறையும் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது அலுப்பு. அதைவிட முக்கியம், உள்ளூர் வண்டிக்கு உள்ளூர் சரித்திரம் இருக்கும். யார் ஓட்டினார், என்ன லோடு அடித்தார், எந்த வளைவில் இடித்தார் என்பதெல்லாம் ஒரு டீக்கடையில் விசாரித்தால் தெரிந்துவிடும்.

படி 3: காலையில் போய்ப் பாருங்கள், கையில் டார்ச்சோடு

"நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முந்தைய நாளே சொல்லிவிட்டு, காலை ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள். போனதும் பானட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்னாடியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சில்லென்று இருக்கும் இன்ஜினில்தான் உண்மை வெளியே வரும். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் சாவியைத் திருப்பி விளக்கு அணையும்வரை காத்திருந்து செல்ஃப் அடியுங்கள். முதல் சில நொடிகள் வெள்ளைப் புகை வந்து அடங்கினால் கவலையில்லை. நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். கீழே செட் செய்த பம்பு மேலே வந்தும் அதே அளவு டீசலைத்தான் ஊற்றும், காற்றோ குறைவு. அதனால் நல்ல இன்ஜினும் ஊட்டியில் கறுப்பாகப் புகை விடும். பம்பைச் சரியாக செட் செய்தால் அது குறையும். இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து வாயில் கை வைத்துப் பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் வேலை வைக்கும்.

அப்புறம் வண்டிக்கு அடியில் படுங்கள். பழைய சாக்கு ஒன்றை எடுத்துப் போனால் நல்லது. மற்ற எல்லாவற்றையும் விட இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

முதலில் சேஸிஸ். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உள்ளே அரித்துப்போன இடம் மந்தமாக ஒலிக்கும். பின் பட்டைகள் (லீஃப் ஸ்பிரிங்) சேஸிஸோடு சேரும் பிராக்கெட், கேபின் உட்காரும் இடம், தொட்டிக்கும் கேபினுக்கும் நடுவில் சேறு தங்கும் பகுதி ஆகிய மூன்றும்தான் மலை வண்டியில் முதலில் போகும். கருப்பு பெயின்ட் புதிதாகப் பளபளத்தால் விரல் நகத்தால் சுரண்டுங்கள். அடியில் புதிய வெல்டிங் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வெல்டிங் இருப்பது குற்றமில்லை, ஏன் வைத்தார்கள் என்பதற்குத் தெளிவான பதில் வர வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து பட்டை. ஒவ்வொரு பட்டையாக எண்ணுங்கள், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை இருக்கிறதா? அதிக லோடு அடிக்கக் கூடுதல் பட்டை போட்டிருக்கிறார்களா? இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கு மேலே ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ சேஸிஸில் உள்ள வால்வு ஒன்றோடு இணைந்திருக்கும். எல்.எஸ்.பி.வி. என்பார்கள். லோடு ஏறித் தொட்டி இறங்க இறங்க, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை அது கூட்டும். கூடுதல் பட்டை போட்ட வண்டியில் எவ்வளவு லோடு ஏற்றினாலும் தொட்டி இறங்காது. வால்வோ வண்டி காலியாக இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் அரை வேலை பார்க்க, முன் பிரேக் முழு லோடையும் தாங்கிச் சூடேறிச் சாகும். அந்தக் கம்பியைக் கழற்றி மேலே கட்டி வைத்திருக்கும் வண்டிகளும் உண்டு. பார்த்தால் விட்டுவிடாதீர்கள்.

பிரேக் பைப்களை முன்னிருந்து பின்வரை டார்ச் அடித்துக்கொண்டே விரலால் தடவிப் பாருங்கள். துரு பொரிந்து மேடு தட்டியிருந்தால் அந்தப் பைப் மாற்ற வேண்டியது. சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஒன்று வீல் சிலிண்டர் ஒழுகுகிறது அல்லது ஆக்சில் ஆயில் சீல் போய்விட்டது. இரண்டில் எதுவானாலும், டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனர் நனைந்திருக்கும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1519 என்றால் 2019-ன் பதினைந்தாவது வாரம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ரப்பர் வெடிப்பு விட்ட பழைய டயரையும் ரீட்ரெட் டயரையும் முன் சக்கரத்தில் வைத்துக்கொண்டு மலை இறங்காதீர்கள்.

படி 4: ஓட்டிப் பாருங்கள், இறக்கத்தில்

விற்பவர் ஏற்றத்தில்தான் ஓட்டிக் காட்டுவார். "எப்படி இழுக்குது பாருங்க!" நீங்கள் இறக்கம் கேளுங்கள். காலியான, நேரான இறக்கத்தில் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பெடல் முதல் மிதியிலேயே நிற்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது மிதிக்குத்தான் கெட்டியாகிறது என்றால் லைனர் அட்ஜஸ்ட்மென்டோ காற்றோ பிரச்சினை. மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துப் பாருங்கள். கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வாருங்கள். பேரமே வேண்டாம்.

ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டுப் பார்ப்பது, முழு ஸ்டீயரிங் உடைத்து வளைக்கும்போது டொக்கு டொக்கு சத்தம் வருகிறதா என்று கேட்பது, கிளட்ச் நழுவுகிறதா என்று மூன்றாவது கியரில் ஏற்றம் ஏறிப் பார்ப்பது எல்லாம் வழக்கமானவைதான்.

படி 5: வாங்கியதும் முதல் செலவு பிரேக்குக்கு

வண்டி விலைக்கு மேல் கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொண்டு வாங்குங்கள். விற்றவர் "போன மாசம்தான் லைனர் போட்டேன்" என்று சத்தியமே செய்தாலும் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். வீல் சிலிண்டர் ரப்பர்கள், ரப்பர் ஹோஸ்கள், துருப்பிடித்த பைப்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் அப்புறம் நிம்மதி.

பிரேக் ஆயிலை முழுவதும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். இதை இங்கே பலர் செய்வதே இல்லை, குறைந்தால் மேலே ஊற்றிக்கொண்டே போகிறார்கள். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். மூடுபனியும் மழையும் உள்ள ஊரில் கேட்கவே வேண்டாம். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்தத் தாங்கும் எல்லை 155 டிகிரிக்கே இறங்கிவிடும். டாட் 3 என்றால் 140. டிரம் பழுக்கும் சூட்டில் உள்ளே ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது ஒரு மூட்டை கேரட் விலைகூட வராது.

பெடலை எளிதாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் பல டீசல் பிக்கப்களில் ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள பம்பில் இருந்து வருகிறது. எனவே ஃபேன் பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் போகாது, கொஞ்ச நேரத்தில் பிரேக்கும் கல்லாகிவிடும். புது பெல்ட் போட்டு, பழையதையும் சீட்டுக்கு அடியில் வைத்திருங்கள்.

பிரேக் முடிந்த பிறகு ரேடியேட்டர். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் அது தாங்கும். ரப்பர் காய்ந்த மூடியோடு ஏற்றம் ஏறினால் பொங்கத்தான் செய்யும். சின்னப் பொருள்தான், புதிதாக வாங்கிவிடுங்கள். ஓடைத் தண்ணீரை ஊற்றாமல் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

படி 6: இறங்கும் முறை

எந்த கியரில் ஏறுமோ அந்த கியரில் இறங்கு. மலையில் பழைய டிரைவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான், ரோட்டோரப் பலகைகளும் இதையேதான் சொல்கின்றன. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லோடோடு இரண்டரை டன் எடையுள்ள பிக்கப் ஊட்டியில் இருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறக்குறைய 1,900 மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றலை வைத்து ஏறக்குறைய 140 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். டயர் உருள்வதிலும் காற்றைத் தள்ளுவதிலும் ஒரு பகுதி கரையும். மிச்சம் இருப்பதை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நான்கு சக்கரத்து பிரேக்குகளும் வாங்கிக்கொள்ளும்.

குன்னூர் தாண்டி பர்லியார் நோக்கி இறங்கும்போது இரண்டாவது அல்லது மூன்றாவது கியரிலேயே வண்டியை விடுங்கள். வேகம் கூடும்போது பிரேக்கை அழுத்தமாக ஒரு மிதி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை முழுதாக எடுங்கள். லேசாக மிதித்தபடியே கிலோமீட்டர் கணக்கில் போனால் டிரம்முக்கு ஆற நேரமே கிடைக்காது. நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை அணைத்துவிட்டு டீசல் மிச்சம் பிடிப்பதும் தற்கொலை முயற்சிகள். இன்ஜின் நின்றால் பூஸ்டரும் நின்றுவிடும்.

பர்லியாரில் பழக்கடைகள் பக்கம் நிறுத்தும்போது ஒரு சோதனை செய்யலாம். பாட்டிலில் இருந்து விரலை நனைத்து ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் பக்கமும் இரண்டு சொட்டுத் தெறியுங்கள். ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே மாதிரி சூடாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் சுர்ரென்று ஆவி பறந்தால் அங்கே லைனர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் பச்சைத் தண்ணீராகவே வழிந்தால் அந்தச் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை, மற்றது அதன் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. இரண்டு சொட்டு போதும். பழுத்த டிரம்மில் குடம் குடமாக ஊற்றினால் வெடிப்பு விழும். கருகின வாடை வந்தால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு டீ குடியுங்கள். இருப்பதிலேயே மலிவான மெக்கானிக், காத்திருக்கும் நேரம்தான்.

ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது சட்டமும் கூட, மரியாதையும் கூட. சாய்வில் நிறுத்தும்போது கியரில் போட்டு, ஸ்டீயரிங்கை மண் திட்டுப் பக்கம் உடைத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். ராத்திரி பனியில் பைக்கில் வருகிறவருக்கு நடுரோட்டில் கிடக்கும் கல் எமன். கல்லுக்குப் பதிலாகக் கயிறு கட்டிய மரக்கட்டை ஒன்றைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

படி 7: லோடு

ஆர்.சி.யில் எழுதிய எடைதான் எல்லை. எல்லோரும் அதற்கு மேல்தான் ஏற்றுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். கீழே ஓட்டுகிறவர் அதைச் செய்தால் பட்டை போகும், மலையில் செய்தால் உயிர் போகும்.

மூட்டைகளைக் கேபினை ஒட்டி அடுக்கத் தொடங்குங்கள். பின் கதவைத் திறந்து விட்டு அதற்கு மேலும் அடுக்கினால், கொண்டை ஊசியில் ஏறும்போது எடை எல்லாம் பின்னால் சாய்ந்து முன் சக்கரம் லேசாகிவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். கழுவிய கேரட் மூட்டையில் தண்ணீர் சொட்டும், எடையும் கூடும் என்பதை மறக்காதீர்கள். நேர்மாறாக, காலி வண்டியில் பின் சக்கரத்துக்கு எடையே இல்லை. பாசி பிடித்த தோட்டத்துப் பாதையில் சுற்றிக்கொண்டே நிற்கும். மழைக் காலத்தில் பின் அச்சுக்கு நேர் மேலே இரண்டு மணல் மூட்டை போட்டு வைத்தால் பிடிமானம் கிடைக்கும்.

இலை பறிக்கும் பெண்களைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு போவது இங்கே சர்வ சாதாரணமாகிவிட்டது. சரக்கு வண்டியின் தொட்டியில் ஆள் ஏற்றுவது சட்டத்துக்கு விரோதம். ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஒரு ஜீப் வாடகை கொடுத்துவிடுங்கள்.

படி 8: துருவும் பனியும்

பழைய பிக்கப்பைக் கொல்வது கிலோமீட்டர் இல்லை, துரு. மழையைவிட உரம்தான் பெரிய எதிரி. பொட்டாஷும் யூரியாவும் சிந்திய தொட்டியில் ஈரம் பட்டால் தகடு சீக்கிரம் பொத்தலாகும். உர லோடு இறக்கிய அன்றே தொட்டியை நன்றாகக் கழுவி, தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைபடாமல் பாருங்கள். கோழி எருவும் அப்படித்தான். தொட்டியில் ரப்பர் ஷீட் விரித்திருந்தால் மாதம் ஒரு முறை தூக்கிக் காய விடுங்கள். கேபினுக்குள் கால் மிதியடிக்குக் கீழேயும் பாருங்கள், ஈரக் காலோடு ஏறி ஏறித் தரை அரித்திருக்கும்.

தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டும், வடகிழக்கு குன்னூர், கோத்தகிரிப் பக்கம். உங்கள் ஊர் மழை தொடங்கும் முன் அடிப்பாகத்தைக் கழுவி, காய்ந்த பிறகு துருத் தடுப்புப் பூச்சு அடியுங்கள். ஈரத்தின் மேலேயே அடித்தால் துருவை உள்ளே வைத்துப் பூட்டியதுதான் மிச்சம்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் தலைகுந்தா, அவலாஞ்சி மாதிரி இடங்களில் பேட்டரியும் ஹீட்டர் பிளக்கும் நன்றாக இருந்தாக வேண்டும். டேங்கை அரைக்கு மேல் நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் படிவது குறையும். டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை வாரம் ஒரு முறை வடித்துவிடுங்கள். கண்ணாடியில் படிந்த பனியின் மேல் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீமும் தாழ்வாகப் பொருத்திய ஃபாக் லைட்டும்தான் உதவும்.

படி 9: மெக்கானிக்கும் ஒரு நோட்டும்

சின்ன நோட்டு ஒன்றை டேஷ்போர்டில் வையுங்கள். ஆயில் எப்போது, எந்தப் பாகம் எப்போது, எவ்வளவு என்று எழுதி வாருங்கள். நல்ல மெக்கானிக் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சந்தேகத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்காதபடி, "எப்படித் தேஞ்சிருக்குன்னு காட்டுங்கண்ணா" என்று கேட்டால் அவரே உட்கார வைத்துப் பாடம் நடத்துவார். பம்பு, நாசில் வேலைக்கு மட்டும் அதற்கான கருவி உள்ள கடைக்குப் போங்கள். மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் கிடைக்கும். மேலே ஓட்டப்போகிற வண்டி என்று சொல்லி செட் செய்யச் சொல்லுங்கள்.

படி 10: ரசிப்பது

இதற்குப் படி எதற்கு என்று கேட்கலாம். ஆனால் செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால் யாரும் பழைய பிக்கப்பை நீண்ட நாள் வைத்திருக்க மாட்டார்கள்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகிற ஒற்றை வண்டிப் பாதையில் உரசாமல் நுழையும் அகலம். மூட்டையைத் தோளில் இருந்து நேரே சாய்த்துவிடக்கூடிய தொட்டி உயரம். கதவுத் தகடு நசுங்கினால் உள்ளிருந்து சுத்தியலால் தட்டி நேராக்கிவிட்டு மறுபடி வேலைக்குப் போகிற எளிமை. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஹட்டியில் (படகர் ஊர்) பந்தல் சாமான் இறக்குவது முதல், பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறும்போது கட்டிலும் பீரோவும் ஏற்றுவது வரை ஊரில் எல்லோருக்கும் உங்கள் வண்டி நினைவுக்கு வரும். டீசல் காசு கேட்கலாமா வேண்டாமா என்பது உங்கள் உறவைப் பொறுத்தது.

மாற்றங்கள் செய்ய ஆசை வந்தால் பழைய தோற்றத்துக்குள்ளேயே செய்யுங்கள். நல்ல சீட், வேலை செய்யும் ஹீட்டர், புதிய கதவு ரப்பர், பின்னால் கை எழுத்தில் "துணை" என்று சாமி பெயர் எழுதும் பெயின்டர் இன்னும் இருந்தால் அவரிடம் ஒரு வரி. வண்டியை உயர்த்தி, பெரிய டயர் மாட்டி, எல்.இ.டி. வரிசை கட்டினால் எஃப்.சி.யிலும் வம்பு, வளைவில் எதிரே வருகிறவருக்கும் கண் கூசும். அகல டயர் ஸ்டீயரிங்கைக் கனமாக்கி, பிரேக்குக்கும் கூடுதல் வேலை வைக்கும்.

படி 11: எப்போது விடுவது

டில்லியில் பத்து ஆண்டான டீசல் வண்டிகளுக்குக் கொண்டுவந்தது போன்ற தடை இங்கே கிடையாது. எஃப்.சி. கிடைக்கும்வரை ஓட்டலாம். 15 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்குக் கட்டணங்கள் கூடுகின்றன என்பதால் அந்த வயதில் ஒரு முறை உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். இன்ஜின் பழுது என்பதற்காக நான் வண்டியை விற்க மாட்டேன், இன்ஜினைத் திரும்ப இறக்கிச் செய்துகொள்ளலாம். பட்டை பிராக்கெட் பக்கம் சேஸிஸ் விரிசல் விட்டு, வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விட்டால் அன்றோடு லோடு அடிப்பதை நிறுத்திவிடுங்கள். அதைப் பெயின்ட் அடித்து மறைத்து இன்னொருவர் தலையில் கட்டுவதும் வேண்டாம். பதிவு பெற்ற ஸ்க்ராப் நிலையத்தில் கொடுத்து அழிப்புச் சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள்.

ஓடும் நிலையில் விற்பதானால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டதோடு உங்கள் வேலை முடியவில்லை. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். புரோக்கர் கையில் வெற்றுப் படிவம் கொடுத்துவிட்டால் வண்டி நாலு கை மாறியும் ஆர்.சி.யில் உங்கள் பெயரே இருக்கும், விபத்து நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பெயர் மாறிய ஆர்.சி.யின் நகலைப் பார்த்த பிறகு மிச்சத் தொகையை வாங்கிக்கொள்வது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.